அண்ணாவை எந்த நிலையத்தில் சேர்ப்பது என்று கேட்ட நிலாவெளிச் சகோதரிக்கு

நீங்கள் எழுதியதை நான் விளங்கிக்கொண்ட விதத்தில் முதலில் சொல்கிறேன். அண்ணாவுக்கு 38 வயது, கடற்தொழில். பத்து வருடத்துக்கு மேலாகத் தினமும் குடிக்கிறார். சாராயம் வாங்கக் காசில்லாத நாளில், களவாகக் காய்ச்சும் கசிப்பு. காலையில் கை நடுங்கும், கொஞ்சம் உள்ளே போனால்தான் நடுக்கம் நிற்கும். போன வருடம் கோயில் திருவிழாவுக்கென்று தானாகவே நிறுத்தினார். இரண்டாம் நாள் வலிப்பு வந்து விழுந்தார், அடுத்த நாள் அங்கே இல்லாத ஆட்களோடு பேசினார். அம்மா ஏதோ பிடித்துவிட்டது என்று நூல் கட்டினார். திரும்பக் குடித்ததும் எல்லாம் அடங்கியது. இப்போது மறுபடியும் 'விடப்போகிறேன்' என்கிறார். கொழும்புப் பக்கம் மூன்று மாதம் வைத்துத் திருத்தும் இடம் ஒன்று இருக்கிறது, அண்ணாவின் மனைவியான மச்சாளின் நகையை அடகு வைத்தால் கட்டலாம் என்று ஓர் உறவினர் சொல்கிறார். இன்னொருவர், அவருக்குத் தெரியாமல் தேநீரில் கலந்து கொடுக்க ஒரு தூள் தருவதாகச் சொல்கிறார். இரண்டில் எது என்பது உங்கள் கேள்வி. ஆனால் அதற்குள் இருக்கும் கேள்வி வேறு: இவரை யாரிடமாவது ஒப்படைத்து, சுகமாக்கித் திரும்பப் பெற முடியுமா?

நான் வைத்தியர் இல்லை. சுனாமிக்குப் பிந்திய வருடங்களில் தொடங்கி, இந்தத் திருகோணமலை மாவட்டத்தில் குடியால் உடைந்த குடும்பங்களோடு உளசமூகப் பணியாளராக வேலை செய்து வருகிறேன். அண்ணாவை நேரில் பார்க்காமல் அவருக்கு என்ன மருந்து, எத்தனை நாள் என்று நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். அவருடைய முதல் ஒரு வாரம் ஆஸ்பத்திரிக்குரியது. அதற்குப் பிறகு வரும் ஒரு வருடம் உங்கள் ஊருக்கும் வீட்டுக்கும் உரியது. இந்த இரண்டையும் செய்யாமல் நடுவில் எந்த மூன்று மாதத்தை விலைக்கு வாங்கினாலும் அது நிற்காது.

அவசரமானது முதலில். அண்ணா இன்று இரவே மனம் மாறி 'இனித் தொடமாட்டேன்' என்று சத்தியம் செய்தாலும், வீட்டில் வைத்துத் திடீரென்று நிறுத்த விடாதீர்கள். குடிகாரர் ஒருவர் குடியை விடுவதை நான் தடுக்கிறேனே என்று உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். காரணம் இதுதான். மது மூளையை அடக்கி வைக்கும் பொருள். வருடக்கணக்காகத் தினமும் அது உள்ளே போகும்போது, அந்த அடக்கத்தை ஈடுசெய்ய மூளை தன் வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. மதுவைச் சட்டென்று எடுத்துவிட்டால் கூட்டிய வேகம் அப்படியே நிற்கும், அதைப் பிடித்து வைக்க எதுவும் இருக்காது. கடைசிக் குடி முடிந்து ஆறு மணித்தியாலத்திலேயே நடுக்கம், வியர்வை, படபடப்பு, வாந்தி தொடங்கலாம். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை இன்னொரு கட்டம் இருக்கிறது: ஆள் குழம்பிப் போவார், சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார், இல்லாதவர்களோடு பேசுவார், காய்ச்சலடிக்கும், நெஞ்சு வேகமாக அடிக்கும். வைத்தியர்கள் இதை டெலிரியம் ட்ரெமன்ஸ் என்பார்கள். சிகிச்சை இல்லாமல் விட்டால் உயிரைக் குடிக்கும் நிலை இது. நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனவர்களில் மிகப் பெரும்பாலானோர் பிழைத்துக்கொள்கிறார்கள்.

போன திருவிழாவில் உங்கள் வீட்டில் நடந்தது அநேகமாக இதுதான். அம்மாவைக் கோபிக்க வேண்டாம். அந்தக் காட்சியைப் பார்க்கும் எந்தத் தாய்க்கும் பேய் என்றுதான் தோன்றும். நூல் கையில் இருக்கட்டும், ஆனால் இந்த முறை ஆளை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டு நூலைக் கட்டுங்கள். ஒருமுறை வலிப்பு வந்தவருக்கு அடுத்த முறை நிறுத்தும்போதும் வரும் ஆபத்து அதிகம், அதனால் 'போன தடவை தப்பினார்தானே' என்ற கணக்கு இங்கே பொருந்தாது.

நிலாவெளியிலிருந்து திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலை தூரமில்லை. அங்கே உளநலப் பிரிவு இருக்கிறது, சிகிச்சைக்குக் காசு இல்லை. இதை வாசிக்கும் மூதூர், கிண்ணியா, கந்தளாய் ஆட்கள் தங்கள் தள வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் உளநலக் கிளினிக் எந்த நாள் என்று கேட்டால் போதும். போகும்போது வைத்தியரிடம் நான்கு விஷயம் சொல்லுங்கள்: ஒரு நாளில் எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார், முன்பு நிறுத்தியபோது வலிப்பும் குழப்பமும் வந்தது, வேறு என்ன மருந்து அல்லது போதை எடுக்கிறார். இதில் மூன்றாவதை மறந்துவிடாதீர்கள். அதைச் சொன்னால் பெரும்பாலும் வார்டில் வைத்துத்தான் நிறுத்துவார்கள். வலிப்பையும் படபடப்பையும் அடக்கும் மருந்தைக் கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டு வருவார்கள். கூடவே தயமின் என்ற வைட்டமின் பி1 கொடுப்பார்கள். சத்துத்தானே, கடையில் வாங்கிக் கொடுப்போம் என்று அதை எளிதாக நினைக்காதீர்கள். சோறு சாப்பிடாமல் குடித்துக் குடித்து அந்தச் சத்து தீர்ந்தவருக்கு நினைவு நிரந்தரமாகவே போய்விடலாம். நடை தள்ளாடி, கண் ஒரு மாதிரி அசைந்து, பேச்சுக் குழம்பினால் வெறி என்று விட்டுவிடாமல் கொண்டு போங்கள். ஆஸ்பத்திரியில் சேரும் நாள் வரைக்கும் அவர் குடிப்பதைக் கட்டாயப்படுத்தி நிறுத்தாதீர்கள். சோறு கொடுங்கள், தண்ணீர் கொடுங்கள். அந்த நாட்களில் கடலுக்கு மட்டும் விடாதீர்கள், போட்டில் வலிப்பு வந்தால் காப்பாற்ற ஆளிருக்காது. இடையில் வலிப்போ குழப்பமோ வந்தால் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். கசிப்புக் குடித்த பிறகு கண் மங்குகிறது என்றால் அதற்கும் உடனே அழையுங்கள்.

தேநீரில் கலக்கும் தூளைப் பற்றி. வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். அதில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். தெரிந்தே கொடுக்கப்படும் பொருள் டைசல்பிராம் என்ற மருந்தாக இருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல். அது நல்ல மருந்துதான், வைத்தியர்கள் எழுதிக் கொடுக்கிறார்கள். அதை எடுத்தவர் மது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் விழும். அந்தப் பயத்தில் குடிக்காமல் இருப்பார் என்பதே அதன் வேலை. தான் மருந்து எடுக்கிறேன் என்று தெரிந்தவருக்குத்தான் அந்தப் பயம் இருக்கும். தெரியாதவர் வழக்கம்போல் குடிப்பார், விழுவார், சிலர் எழும்பமாட்டார்கள். கடைசி வேளைக்குப் பிறகும் இரண்டு வாரம் வரை அது உடம்பில் வேலை செய்யும். உயிர் தப்பினாலும், வீட்டில் குடிக்கும் தேநீரையே அவர் நம்பாமல் போவார். குடியை விடப் போகும் மனிதருக்கு வீட்டின் மேல் நம்பிக்கை ஒன்றுதான் கையில் மிச்சமிருக்கும் சொத்து.

இனி அந்த நிலையம். தங்கி இருக்கும் சிகிச்சை பயனற்றது என்று நான் சொல்லவில்லை. வீட்டிலேயே குடிப்பவர்கள் சூழ்ந்திருக்கிறவர்களுக்கு, கிளினிக்கோடு பல முறை முயன்றும் நிற்காதவர்களுக்கு, அது தேவைப்படும். அரசின் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபைக்கும் தங்கும் நிலையங்கள் இருக்கின்றன, 1927க்கு அழைத்துக் கேட்கலாம். ஆனால் முதல் அடியே அடகுக் கடைக்கு வைக்க வேண்டியதில்லை. தனியார் இடம் என்றால் பணம் கட்டும் முன் கேளுங்கள்: முதல் வாரத்தில் வலிப்பு வந்தால் பார்க்க வைத்தியர் இருக்கிறாரா? எந்தச் சபையில் பதிவு? நீங்கள் போய் அவரைப் பார்க்கலாமா, போனில் பேசலாமா? அவர் வேண்டாமென்றால் வெளியே வர முடியுமா? ஆலோசனை தமிழில் நடக்குமா? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. தன் வெட்கத்தையும் பயத்தையும் மனிதர் சொந்த மொழியில்தான் சொல்ல முடியும். சிங்களம் சந்தைப் பேச்சளவுக்கு மட்டும் தெரிந்த ஒருவர் மூன்று மாதம் ஒரு குழுவில் உட்கார்ந்து தலையாட்டிவிட்டு வருவதைக் கண்டிருக்கிறேன். 'அடித்துத் திருத்துவோம்', 'கட்டி வைப்போம்' என்று யாராவது பெருமையாகச் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். அடியால் குடி நின்றதாக எந்த ஆதாரமும் இல்லை. அடிபட்டு வந்தவர் அதற்குப் பிறகு எந்தச் சிகிச்சைக்கும் வரமாட்டார்.

நான் அதிகம் கவலைப்படுவது திரும்பி வரும் நாளைப் பற்றித்தான். ஆஸ்பத்திரியிலிருந்தோ நிலையத்திலிருந்தோ வரும் அண்ணா, தொழிலாளர் கூடும் அதே கடற்கரை வாடிக்குத்தான் போவார். கடலால் வந்து, மீனை நிறுத்து, கையில் காசு விழும் அந்த நேரம்தான் அவர் பத்து வருடமாகக் குடித்த நேரம். பங்கு பிரித்ததும் போத்தல் எடுப்பது சில இடங்களில் வேலையின் ஒரு பகுதியாகவே இருக்கிறது. அதனால் அவர் வார்டில் இருக்கும்போதே யாராவது ஒருவர், தகப்பன் முறையான ஒருவரானால் நல்லது, போட்டு முதலாளியான சம்மாட்டியோடு போய்ப் பேசுங்கள். முதல் மூன்று மாதத்துக்கு அவருடைய பங்கை மச்சாளின் கையில் கொடுக்க முடியுமா, மீன் ஏற்றி முடிந்ததும் அவரை நேரே வீட்டுக்கு அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். இதை அண்ணாவுக்குத் தெரியாமல் செய்யாதீர்கள். அவரே கேட்டதாக இருந்தால்தான் அது அவருக்கு மானக்கேடாக இருக்காது. சம்மாட்டிமார் பலர் ஒத்துக்கொள்வார்கள். நிதானமான ஆள் அவர்களுக்கும் தேவை.

அப்புறம் வாடைக்காலம். கார்த்திகையிலிருந்து தை வரை நம் பக்கக் கடல் கொந்தளிக்கும்போது தொழில் இல்லை, கையில் கடன் மட்டும் இருக்கும், பகல் முழுக்க வெறுமை. மாதக்கணக்காக நிதானமாக இருந்தவர்கள் அந்த மழை நாட்களில் சறுக்குவதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். எனவே கடல் அடைக்கும் முன்பே அந்த நாட்களுக்கு ஏதாவது வேலையை யோசித்து வையுங்கள்: வலை பொத்துவது, மாமனாரின் வெங்காயத் தோட்டம், எதுவானாலும் சரி. கிளினிக் நாளைத் தவறவிடாமல் இருப்பதும் இந்தக் காலத்தில்தான் முக்கியம். ஆசையைக் குறைக்கும் மாத்திரைகளும் இருக்கின்றன. ஈரலைப் பரிசோதித்துப் பார்த்து வைத்தியர் தீர்மானிப்பார். அவை உதவும், ஆனால் ஓரளவுக்குத்தான். மாத்திரை ஒன்றே நிறுத்திவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

அவர் மறுபடி ஒருநாள் குடிக்கக்கூடும். இதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை, ஆனால் சொல்லாமல் விட்டால் அந்த நாளில் நீங்கள் உடைந்துபோவீர்கள். போதையை விட்டவர்களில் 40 முதல் 60 வீதமானோர் மீண்டும் ஒரு கட்டத்தில் சறுக்குகிறார்கள் என்று அமெரிக்காவின் தேசிய போதைப்பொருள் ஆய்வு நிறுவனம் கணக்குச் சொல்கிறது. பிரஷர் நோயாளர் மருந்தை விட்டு மறுபடி பிரஷர் ஏறி வருவதும் ஏறத்தாழ அதே அளவில்தான் நடக்கிறது. பிரஷர் ஏறியவரை யாரும் 'இது திருந்தாத பிறவி' என்று சொல்வதில்லை, கிளினிக்குக் கூட்டிப் போகிறோம். அண்ணாவுக்கும் அதையே செய்யுங்கள். ஒரு நாள் சறுக்கலை ஒரு வாரமாக விடாமல், அடுத்த நாளே கிளினிக் தாதியிடமோ உளநல உத்தியோகத்தரிடமோ கொண்டு போவதுதான் உங்கள் வேலை.

வீட்டில் எப்படிப் பேசுவது என்று நீங்கள் நேரே கேட்கவில்லை, ஆனால் 'எவ்வளவு கத்தியும் கேட்கிறாரில்லை' என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். 1999இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. குடிப்பவர் சிகிச்சைக்கு வர மறுக்கும் 130 குடும்பத்தவரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். எல்லோரும் ஒன்றுகூடி அவரை மடக்கிக் கேட்கும் முறைக்கு ஆயத்தம் செய்யப்பட்ட பிரிவில் 30 வீதமானோர்தான் சிகிச்சைக்கு வந்தார்கள். குடிப்பவரிடமிருந்து மனத்தளவில் விலகி நிற்கும்படி வீட்டாருக்குக் கற்றுக்கொடுத்த பிரிவில் 13 வீதம். நிதானமாக இருக்கும் நேரத்தில் அன்பாக நடந்து, குடித்த நேரத்தில் வாதாடாமல் ஒதுங்கி, குடியால் வரும் விளைவுகளை மூடி மறைக்காமல் விடும் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்த பிரிவில் 64 வீதம். அமெரிக்கக் குடும்பமும் நம் குடும்பமும் ஒன்றல்ல, அந்த எண்கள் இங்கேயும் அப்படியே வரும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் திசை சரியென்பதை என் அனுபவத்தில் நம்புகிறேன். நடைமுறையில் இப்படி: வெறியில் வந்தால் சோற்றை மூடி வைத்துவிட்டுப் படுங்கள், விசாரணை வேண்டாம். காலையில், தெளிவான நேரத்தில், 'நேற்றுப் பிள்ளை பயந்து அழுதான், எனக்கும் பயமாக இருந்தது, வெள்ளிக்கிழமை கிளினிக் இருக்கிறது, நானும் வருகிறேன்' என்று சொல்லுங்கள். அவர் வாங்கிய குடிக் கடனை நீங்கள் கட்டாதீர்கள். வேலைக்கு வராததற்குக் காய்ச்சல் என்று சம்மாட்டியிடம் பொய் சொல்லாதீர்கள். குடிக்காத ஒரு மாலை வந்தால் அதைக் கவனித்ததாகக் காட்டுங்கள்.

இதெல்லாம் கை நீளாத வீட்டுக்கு. அவர் மச்சாளையோ பிள்ளைகளையோ அடிக்கிறார் என்றால் கதை வேறு. அப்போது பொறுத்துப் போங்கள் என்று யார் சொன்னாலும், நானே சொன்னதாக இருந்தாலும், கேட்க வேண்டாம். சிகிச்சையில் இருக்கிறார் என்பது அடிப்பதற்கு அனுமதி ஆகாது. 1938 பெண்களுக்கான அரச உதவி எண், 1929 சிறுவர்களுக்கானது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அது அவரைச் சிறைக்கு அனுப்பும் வழக்கு அல்ல, அடிக்காதே, கிட்ட வராதே என்ற கட்டளை. மீறினால்தான் தண்டனை.

'நான் செத்தால் உங்களுக்கெல்லாம் நிம்மதி' என்று அவர் இரண்டு தடவை சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வெறிப் பேச்சு என்று கடந்துவிடாதீர்கள். தனியாக, நிதானமான நேரத்தில், 'சாகவேண்டும் என்று நினைக்கிறீர்களா அண்ணா' என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. கேட்க ஒரு ஆள் இருக்கிறது என்பதே பலருக்கு ஆறுதல். ஆமென்றால் அன்றே ஆஸ்பத்திரி. தோட்டத்துப் பூச்சிமருந்தை இன்றைக்கே பூட்டி, திறப்பை வேறு வீட்டில் வையுங்கள். இரவில் யாரோடாவது பேச வேண்டுமென்றால் 1926, அது அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் எண், 24 மணித்தியாலமும் எடுப்பார்கள். அதில் நீங்களும் பேசலாம், நோயாளிதான் பேச வேண்டும் என்றில்லை.

நேர்த்தி வைப்பது, ஜெபக் கூட்டம், குடியை விட்டவர்கள் கூடும் குழு, இவை பயன்படுமா என்பதில் நான் எச்சரிக்கையோடுதான் பேசுவேன். குடியை விட்டவர்கள் ஒருவரையொருவர் தாங்கும் ஏஏ குழுக்களைப் பற்றி 2020இல் வந்த கொக்ரேன் மீளாய்வு, அதாவது பல ஆய்வுகளை ஒன்றாக வைத்து எடைபோடும் ஆய்வு, 27 ஆய்வுகளைப் பார்த்தது. முழுமையாக விட்டு நிற்பதில் அவை மற்றச் சிகிச்சைகளுக்குக் குறைந்தவை அல்ல, சிலவேளை மேல் என்றே முடிவு வந்தது. ஆனால் அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில் நடந்தவை. நம் ஊரில் நான் கண்டது இவ்வளவுதான்: கோயிலிலோ, பள்ளிவாசலிலோ, தேவாலயத்திலோ, விளையாட்டுக் கழகத்திலோ, தன்னைப்போல் குடித்து, பிறகு அதை விட்ட ஒரு மனிதரோடு வாரத்தில் ஒருநாள் உட்காரக் கிடைத்தவர்கள் தனியாக நின்றவர்களைவிட அதிக நாள் நிற்கிறார்கள். அப்படி ஒருவர் உங்கள் பக்கம் இருக்கிறாரா என்று கிளினிக்கில் கேளுங்கள், அவர்களுக்குத் தெரியும்.

ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் கடைசியாக. சகோதரி, அண்ணா குடிப்பது ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாதது அவர் சிகிச்சைக்குப் போகிறார் என்பது மட்டும்தான். அது தெரிந்தால் குறைந்தது ஒரு மச்சானாவது போத்தலை நீட்டாமல் விடுவான். நகையை வீட்டிலேயே வையுங்கள், அவர் வார்டில் இருக்கும் நாட்களின் பஸ் காசுக்கும் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கும் அது தேவைப்படலாம். இதற்காக நுண்கடனும் எடுக்க வேண்டாம். பிரதேச செயலகத்தில் சமூக சேவைகள் உத்தியோகத்தரையும் உளவளத்துணை உத்தியோகத்தரையும் மச்சாள் நேரில் போய்ப் பார்க்கட்டும், கிளினிக் கொப்பியின் பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு போகட்டும். அரசின் அஸ்வெசும உதவிக் கொடுப்பனவு கிடைக்கவில்லை என்றால் அதைப் பற்றியும் அங்கேயே கேட்கலாம். முதலில் செய்ய வேண்டியது, நாளைக் காலை ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்து உளநலக் கிளினிக் நாளைக் கேட்பது. அவரைக் கூட்டிப் போக முடியாவிட்டால் முதல் தடவை நீங்களும் மச்சாளும் மட்டும் போய் வைத்தியரிடம் நிலைமையைச் சொல்லலாம். அண்ணா வராமலே அந்தப் பேச்சைத் தொடங்க முடியும்.